தரையில் முடுக்கிய பணம்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இக்னேஷியஸின் வீடு இருக்கிறது. உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது மரச்சாமான்கள்தான். கட்டில், பாத்திர அலமாரி, மாதா சுரூபம் வைத்திருக்கும் மேடை எல்லாமே வெளுத்த பைன் பலகை. வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்துச் செய்தவை. பூச்சி அரிக்காமல் சூடேற்றிய மரம் என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு முத்திரை இருக்கும். அதில் இரண்டே எழுத்தில் நாட்டின் பெயர். கட்டில் கொரியா, அலமாரி ஜப்பான், மாதா நிற்பது ஜெர்மனி மேல். மனைவி ஃப்ளோரன்ஸ் ஆரம்பத்தில் முத்திரை தெரியாதபடி பெயிண்ட் அடித்துப் பார்த்தார். ஆறு மாதத்தில் பெயிண்ட் உரிந்து எழுத்து மறுபடி தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கண்டுகொள்ளவில்லை.

கனமான இயந்திரங்களை டிரெய்லரிலிருந்து இறக்கி, ஆலைக்குள் நகர்த்தி, தரையில் மட்டம் பார்த்து நிறுத்துவது இக்னேஷியஸின் தொழில். அவருக்குக் கீழே பாரம் நகர்த்துகிற எட்டு கலாசிகள். வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வயதில் துறைமுகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். நாலைந்து வருடத்தில் கொரியாக்காரர்கள் கார் ஆலை கட்ட வந்தார்கள். அறுபது டன் பெட்டி ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் பின்வாங்கியபோது, எங்கே ஜாக்கி வைக்க வேண்டும், எந்தப் பக்கம் உருளை போட வேண்டும் என்று சொன்னவர் இவர்தான். அன்றிலிருந்து கப்பலில் வருகிற ஒவ்வொரு நாட்டுப் பணத்தின் மீதும் அவர் கை பட்டிருக்கிறது. கொரியாவுக்குப் பின்னால் ஜப்பான், அப்புறம் செல்போன் செய்ய வந்தவர்கள், அப்புறம் ஐரோப்பாக்காரர்கள். உலகத்தில் எங்கோ பாங்குகள் கவிழ்ந்த வருடம் பெட்டியே வரவில்லை. இக்னேஷியஸ் அந்த வருடம் காசிமேட்டில் ஐஸ் உடைத்தார். கொரோனா வருடத்திலும் அப்படித்தான். அதற்குப் பிறகு தைவான் முத்திரை போட்ட பெட்டிகள் வரத் தொடங்கின.

இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று அவருக்குச் சொன்னவர் தமீம் பாய். மண்ணடியில் ஒரு சரக்கு கிளியரிங் ஆபீசில் முப்பது வருடமாகப் பேப்பர் வேலை பார்ப்பவர். இறக்குமதி ரசீதோடு டீக்கடைக்கு வருவார். மடியில் பொருளாதாரப் பத்திரிகை ஒன்றும் இருக்கும். வெளிநாட்டுப் பணம் இரண்டு வகை என்பார். ஒன்று பங்குச் சந்தைக்கு வருவது. காலையில் வந்து சாயங்காலம் போய்விடும். இன்னொன்று ஆலை கட்டி, இயந்திரம் வைத்து, ஆள் எடுத்து உட்காருவது. அதற்குத்தான் நேரடி முதலீடு என்று பெயர்.

"அது உன்னோட பணம், இக்னேசி" என்றார் ஒரு நாள். "தரையில போல்ட்டு போட்டு முடுக்குன பணம். அவ்ளோ சுளுவா எகிறிக்கினு போவாது."

இக்னேஷியஸுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. போல்ட்டை முடுக்கியது அவர் கை.

இரண்டாயிரத்து இருபத்துநாலு செப்டம்பர் கடைசியில் திருவொற்றியூரிலிருந்து அவருக்கு போன் வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள ஆலை, அக்கம்பக்கத்தில் 'இத்தாலி கம்பெனி' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்களுக்கான தகடுகளை அடித்துக் கொடுக்கிற இடம். பதினாலு வருடத்துக்கு முன்னால் அங்கே இருந்த ஆறு பெரிய பிரெஸ்களையும் நிறுத்தியவர் இக்னேஷியஸ். கூப்பிட்டது ஆலைத் தலைவர் வரதன். கம்பெனி இங்கே கடையைக் கட்டுகிறது, ஆறு பிரெஸ்ஸும் வியட்நாமில் இருக்கிற இன்னொரு ஆலைக்குப் போக வேண்டும், வந்து பார்த்து எத்தனை நாள் ஆகும் என்று சொல்லுங்கள் என்றார். குரலில் உயிரில்லை.

முப்பது வருடத்தில் இக்னேஷியஸ் நிறுத்திய இயந்திரத்தைக் கழற்றச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் வேலை வேலைதான். ஒரு மாதமாக அவருடைய ஆட்களுக்குச் சரியான வேலை இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆலை வாசலில் தார்ப்பாய் கட்டி நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் பெண்கள், நீல யூனிஃபார்மோடு. அவருடைய வண்டியில் சங்கிலியும் ஜாக்கியும் கிடந்ததைப் பார்த்ததுமே யார், எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து வண்டியின் முன்னால் நின்றார். எர்ணாவூரைச் சேர்ந்த மலர். ஆலை திறந்த நாளிலிருந்து பிரெஸ் ஓட்டுகிறவர். வயது நாற்பத்திரண்டு. பதினாலு வருடம் இரும்பு அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியதால் குரல் கணீரென்று இருந்தது.

அவர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நிலவரத்தைச் சொன்னார். நட்ட ஈடு கம்பெனி கொடுக்கிறது, அதில் சண்டை இல்லை. சண்டை வேறு. இந்த ஆலையை வாங்கலாமா என்று தைவான்காரர்கள் ஒரு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஓடுகிற நிலையில் இருக்கிற ஆலை. வெறும் கொட்டகைதான் என்றால் அதைவிட நல்ல கொட்டகை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனையோ இருக்கிறது.

"மெஷினு இருந்தா அவங்க வருவாங்க. மெஷினு பூட்டா நாங்க வூட்டுக்குப் போய்க்கினே இருக்கணும்" என்றார் மலர். "ஒரு மாசம் மட்டும் நேரம் கெடைச்சா போதும்ண்ணா."

தான் வெறும் கலாசி என்றும், நேரம் கொடுப்பதும் எடுப்பதும் இத்தாலியில் இருப்பவர்கள் கையில் என்றும் இக்னேஷியஸ் சொன்னார். அது உண்மைதான். மலர் ஒதுங்கி வழிவிட்டார்.

உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன. வரதன் ஒரு டேபிளில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். இந்த ஆலைக்காகக் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தவர். அடுத்த மாதத்தோடு அவருக்கும் வேலை கிடையாது. இன்னொரு காண்டிராக்டர் கேஸ் கட்டரால் அடிபோல்ட்டை அறுத்துப் பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். காட்டுப்பள்ளி துறைமுகத்திலிருந்து பன்னிரண்டாம் நாள் ஒரு கப்பல் இருக்கிறதாம்.

இக்னேஷியஸ் ஆறு பிரெஸ்களையும் இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். நாலு மூலையிலும் ஆள் தொடை கனத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, மேலே இருக்கிற தலையையும் கீழே இருக்கிற படுக்கையையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பொறுமையாகச் சூடேற்றி நீட்டினால்தான் நட்டு கழலும். அவசரப்பட்டால் தண்டில் விரிசல் விழும். வியட்நாமில் போய் நிறுத்தினாலும் பிரெஸ் ஒழுங்காக அடிக்காது. பத்து நாள் என்று சொன்னவனுக்கு இந்த மெஷினைத் தெரியாது. முறையாகச் செய்தால் பதினெட்டு நாள். கணக்கு அவர் மனதில் தெளிவாக ஓடியது.

திரும்பி வந்து வரதன் முன்னால் நின்றபோது அவர் வாயில் வந்தது வேறு.

"இருபத்தாறு நாள் சார்."

வரதன் நிமிர்ந்து பார்த்தார். மழையையும் சேர்த்தா என்று கேட்டார். மழையையும் சேர்த்துத்தான் என்றார் இக்னேஷியஸ். அறுத்து எடுத்தால் தண்டு போகும், அதற்குத் தன்மேல் பொறுப்பில்லை என்பதையும் சொன்னார். வரதன் பேனாவை எடுத்துப் பேப்பரில் எதையோ எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது இக்னேஷியஸ் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். முப்பது வருடத்தில் தான் சொன்ன நாள் ஒன்றுகூடப் பொய்யானதில்லை என்பது அவருடைய பெருமை. அவர் பன்னிரண்டு நாள் என்றால் ஆலைக்காரன் பதிமூன்றாம் நாள் பூஜைக்கு ஐயரைக் கூப்பிட்டுவிடலாம். இன்றைக்கு அது போய்விட்டதே என்று மனது உறுத்தியது.

"இருபத்தாறு பொய்யா?" என்று கேட்டார் ஃப்ளோரன்ஸ்.

"மழை வந்தா நெசம். வராங்காட்டி பொய்யி."

ஃப்ளோரன்ஸ் யோசித்தார். "ஐப்பசியில மழை வராம எங்க போவும்" என்றார். பிறகு, உன் ஆளுங்ககிட்ட இதைச் சொன்னியா என்று கேட்டார். இக்னேஷியஸ் சொல்லவில்லை.

இத்தாலிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று வரதன் சொன்னார். கப்பல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது. ஆனால் வேலையைத் தொடங்கச் சொன்னார்கள், தொடங்காமல் இருக்க முடியாது. வாசலோரம் இருந்த முதல் பிரெஸ்ஸை இக்னேஷியஸும் ஆட்களும் கழற்றினார்கள். எட்டாம் நாள் போலீஸ் காவலோடு டிரெய்லர் வெளியே வந்தது. தார்ப்பாயின் கீழே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் கல் எறியவில்லை. பிரெஸ்ஸின் தலை மட்டும் ஒரு டிரெய்லரில் போனபோது ஒரு பெண் வாய்விட்டு அழுதார்.

மலர் இக்னேஷியஸிடம் வந்தார். "துட்டு வாங்கிக்கினு வேலை செய்றே, அது தப்பில்ல. ஆனா எங்க மூஞ்சியப் பாத்துக்கினே எப்டிண்ணா கயட்டுறே?" என்றார்.

எட்டு நாள் கூட்டிச் சொன்னேன் என்று அங்கே நின்று சொன்னால் அது அரை மணி நேரத்தில் ஆபீசுக்குப் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினார்.

அதற்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. எர்ணாவூரில் முழங்கால் தண்ணீர். ஆலையின் பின்பக்கமும் தண்ணீர் வந்து, வேலை தானாகவே நின்றது. தன் பொய் மெய்யாகிக்கொண்டிருப்பதை இக்னேஷியஸ் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தைவான்காரர்கள் மழை விட்ட இரண்டாம் நாள் வந்தார்கள். மூன்று பேர், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். மூவரில் ஒருவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் எஞ்சினியர். மற்ற இருவரும் வரதனோடு ஆபீஸ் ரூமுக்குள் போனார்கள். அந்த அம்மா நேராகப் பிரெஸ் வரிசைக்கு வந்தார். முதல் பிரெஸ் இருந்த இடத்தில் வெறும் குழியும் தலை நீட்டி நிற்கிற அடிபோல்ட்டுகளும் கிடந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு இரண்டாவது பிரெஸ்ஸின் அடியில் மழைத்தண்ணீர் ஊறிய தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, இரும்பும் சிமெண்டும் சேருகிற இடத்தைக் கையால் தடவினார். இதை நிறுத்தியது யார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த இக்னேஷியஸ் கையைத் தூக்கினார்.

இத்தனை வருடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கடலோர மண், நம்ப முடியாது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. இக்னேஷியஸ் தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் துணியால் துடைத்து, பிரெஸ்ஸின் படுக்கை மேல் வைத்தார். குமிழ் கொஞ்சம் ஆடி நடுவில் நின்றது. திருப்பிக் குறுக்கே வைத்தார். அப்போதும் நடுவிலேயே நின்றது. அந்த அம்மா தன்னுடைய கருவியை எடுத்து வைத்துப் பார்த்தார். அதுவும் அதையேதான் சொன்னது. ஐந்து பிரெஸ்களையும் அப்படிப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. போகும்போது இக்னேஷியஸைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஐந்து நாள் கழித்து வேலையை நிறுத்தச் சொல்லி வரதனிடமிருந்து போன் வந்தது. ஆலையையும் மிச்சம் இருந்த ஐந்து பிரெஸ்களையும் தைவான் கம்பெனி அப்படியே வாங்கிக்கொள்கிறது.

அந்த ஒரு மணி நேரம்தான் காரணமா, அல்லது இரண்டு கம்பெனிக்காரர்களும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்களா என்பது இக்னேஷியஸுக்கு இன்றுவரை தெரியாது. இன்னொன்றைத் தமீம் பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கப்பல் பேப்பர்கள் அவருடைய ஆபீஸ் வழியாகத்தான் போயின. அவற்றோடு இணைத்திருந்த, வரதன் இத்தாலிக்கு எழுதிய கடிதத்தின் நகலில் இருந்தது இருபத்தாறு நாள் இல்லை, முப்பது நாள்.

"நீ எட்டு ஏத்துனே. அந்தாளு தன் பங்குக்கு நாலு ஏத்திகீறாரு" என்று சிரித்தார் பாய்.

அந்தச் சிரிப்பில் இக்னேஷியஸால் முழுசாகச் சேர முடியவில்லை. ஐந்து பிரெஸ் கழற்றுகிற வேலை போனதில் அவருடைய ஆட்களுக்கு மழைக்காலம் முழுக்கக் கை காய்ந்துவிட்டது. விஷயம் எப்படியோ அவர்கள் காதுக்கும் போனது. பத்து வருடமாகக் கூடவே இருந்த சாலமோன் அவர் வீட்டுக்கே வந்து, நீ நல்லவனா நடந்துக்க நாங்க பட்டினி கிடக்கிறதா, எங்களை ஒரு வார்த்தை கேட்டியா என்றார். கேட்டிருக்க வேண்டும் என்று இக்னேஷியஸ் ஒத்துக்கொண்டார். சாலமோன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டார். இன்னும் திரும்பி வரவில்லை. பாதையில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆலைக்காரர்களுக்கும் எல்லாம் நினைத்தபடி முடியவில்லை. முன்னால் முந்நூற்றுத் தொண்ணூறு பேர் வேலை பார்த்தார்கள். தைவான் கம்பெனி நூற்று எழுபது பேரை எடுத்தது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்தான் அதிகம். மலரின் பெயர் பட்டியலில் இல்லை. தார்ப்பாயின் கீழே ஒரு மாதமாக எல்லோருக்கும் முன்னால் நின்று பேசியவர் அவர். அந்தப் பேச்சின் பலன் மற்றவர்களுக்குத்தான் கிடைத்தது. அவர் மணலியில் ஒரு மசாலா கம்பெனியில் பாக்கெட் ஒட்டப் போனார். வரதன் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டார்.

அடுத்த வருடம் மே மாதம் ஒரு நாள் தமீம் பாய் டீக்கடையில் பத்திரிகையை விரித்து வாசித்தார். நாட்டுக்குள் வரும் நேரடி முதலீடு ஏறியிருக்கிறது. ஏற்கெனவே வந்தவர்கள் விற்றுவிட்டு எடுத்துக்கொண்டு போகிற பணமும் சேர்ந்து ஏறியிருக்கிறது. இதைக் கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். திருவொற்றியூர் ஆலை இதில் எந்தக் கணக்கில் வரும் என்று இக்னேஷியஸ் கேட்டார். இரண்டிலும்தான் என்றார் பாய். தைவான் பணம் வந்ததில் ஒரு தடவை, இத்தாலி பணம் போனதில் ஒரு தடவை.

"மெஷினு இருந்த எடத்துலயேதான கீது" என்றார் இக்னேஷியஸ்.

"அது பேப்பர்ல வராது" என்றார் பாய்.

ஜூனில் புதுப் பெட்டிகள் வந்தன. தைவான் கம்பெனி அனுப்பிய பன்னிரண்டு சின்ன இயந்திரங்கள். மின்சார வண்டிகளின் சார்ஜர் பெட்டிக்கு மூடி செய்வதற்கு. அவற்றை நிறுத்த அந்த எஞ்சினியர் அம்மா இக்னேஷியஸின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருந்தார். வேலைக்கு நடுவில், பழைய பிரெஸ்களைத் தெரிந்தவர்கள் இங்கே போதவில்லை, புதுப் பிள்ளைகள் அச்சை மாற்றவே அரை நாள் எடுக்கிறார்கள் என்று அவர் மொழிபெயர்ப்பாளரிடம் அலுத்துக்கொண்டது இக்னேஷியஸின் காதில் விழுந்தது. மலர் என்று ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார். எர்ணாவூரில் வீடு எங்கே என்பதை விசாரித்து மறுநாள் போன் நம்பரையும் கொண்டுவந்து கொடுத்தார்.

மலரை எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர வேலை இல்லை, காண்டிராக்ட். சம்பளம் பழையதைவிடக் குறைவு. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. அதெல்லாம் தெரிந்துதான் வந்தார். இக்னேஷியஸ் கடைசி இயந்திரத்துக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்த அன்று டீ இடைவேளையில் மலர் டம்ளரோடு வந்து பக்கத்தில் ஒரு பலகை மேல் உட்கார்ந்தார். யூனிஃபார்ம் இப்போது சாம்பல் நிறம்.

மழைக்கு முந்தின நாள் தான் கேட்டதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. இக்னேஷியஸும் எட்டு நாள் கதையைச் சொல்லவில்லை. ஒருவேளை தெரிந்திருக்கலாம். தெரியாமலும் இருக்கலாம். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார், பெண் எந்த வகுப்பு என்றெல்லாம் இக்னேஷியஸ் கேட்டார். பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள், அக்கவுண்ட்ஸ் படிக்கிறாள், இரும்புப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள் என்று மலர் சொன்னார்.

பிறகு வாசலோரம், முதல் பிரெஸ் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். குழியை மூடி அங்கே இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"அது வியட்நாமுல ஓடிக்கினு கீதாண்ணா?" என்று கேட்டார்.

ஓடும், நல்லபடியாகத்தான் கழற்றி அனுப்பினோம் என்றார் இக்னேஷியஸ்.

"அங்கயும் ஒரு பொம்பளதான் ஓட்டுவா" என்றார் மலர். "அது காலையில குளுருல மூணாவது அடியில ஒரு தபா தெணறும். கைய உள்ள வுடக்கூடாது, எண்ணி நாலு அடி வுட்டுட்டு அப்பால தகடு வெக்கணும். எனக்கு அது தெரிய ரெண்டு வருசம் ஆச்சு. அவளுக்கு யாரு சொல்லுவாங்க?"

எஞ்சினியர் அம்மாவிடம் சொன்னால், அவர் மூலமாக இத்தாலிக்காரர்களுக்கு எழுத முடியுமா என்று பார்க்கலாம் என்றார் இக்னேஷியஸ். மலர் உடனே பேனா கேட்டார். இக்னேஷியஸ் தன் சட்டைப்பையிலிருந்த மார்க்கரைக் கொடுத்தார். பெட்டியிலிருந்து பிய்த்த ஒரு அட்டைத் துண்டில், முதல் பிரெஸ் என்று தலைப்பு போட்டு, மலர் தமிழில் எழுதத் தொடங்கினார்.